ஆசனவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல்

ஆசனவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் என்பது, மனிதப் பாப்பிலோமா தீநுண்மத்தால் (எச்.பி.வி.) ஆசனவாயின் உட்போர்வையில் உண்டாகும் மாற்றங்களை, அவை புற்றுநோயாக முற்றுவதற்கு முன்னரே கண்டறியும் மருத்துவச் சோதனை முறை ஆகும். இச்சோதனை நோய்க்குறி எதுவும் தோன்றாத நிலையிலேயே செய்யப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையைப் போல இது பொதுமக்கள் அனைவருக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், மாற்று உறுப்பு பெற்றோர் முதலிய உயர் இடர்ப் பிரிவினருக்கு மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது.

இந்தியாவின் தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகிய மூன்றுக்கு மட்டுமே முன்கண்டறிதல் சோதனை இடம்பெற்றுள்ளது. ஆசனவாய்ப் புற்றுநோய் அதில் சேர்க்கப்படவில்லை.

நோயின் இயல்பு

ஆசனவாய்க் கால்வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் மேற்பகுதியின் உட்போர்வை குடலின் போர்வையை ஒத்தது; கீழ்ப்பகுதியின் உட்போர்வை தோலை ஒத்தது. இவ்விரு போர்வைகளும் சந்திக்கும் இடம் பற்கோடு எனப்படும். இக்கோட்டை ஒட்டிய பகுதி நிலைமாற்ற வலயம் ஆகும். கருப்பை வாயிலும் இத்தகைய நிலைமாற்ற வலயம் உண்டு. எச்.பி.வி. இவ்வலயத்துச் செல்களை எளிதில் பற்றுகிறது. எனவே இவ்விரு உறுப்புகளிலும் தோன்றும் புற்றுநோய்கள் காரணத்தாலும் வளரும் முறையாலும் உடன்பிறப்புகள் போன்றவை.

ஆசனவாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எச்.பி.வி.யால் உண்டாகின்றன. அவற்றுள் பெரும்பான்மைக்கு எச்.பி.வி. 16 என்னும் வகையே காரணம். பாப்பிலோமா தீநுண்மத்துக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தமைக்காக செருமானிய அறிவியலாளர் அரால்டு சூர் அவுசன் 2008 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

தொற்று ஏற்பட்ட பெரும்பாலோரின் உடல், தன் நோய் எதிர்ப்பாற்றலால் தீநுண்மத்தைத் தானாகவே அடக்கிவிடுகிறது. சிலரிடம் அது நிலைத்து நின்று செல்களின் வடிவத்தையும் பெருக்கத்தையும் மாற்றுகிறது. மாற்றம் சிறிதாயின் கீழ்நிலை மாற்றம் என்றும், உட்போர்வையின் பெரும் ஆழத்துக்குப் பரவியிருப்பின் உயர்நிலை மாற்றம் என்றும் வகைப்படுத்துவர். உயர்நிலை மாற்றமே புற்றுமுன்நிலை எனக் கருதப்படுகிறது. இது புற்றுநோயாக முற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். முற்றாமல் நிற்பதும், மறைவதும் உண்டு. இந்த இடைவெளியே முன்கண்டறிதலுக்கு வாய்ப்பளிக்கிறது.

உயர் இடர்ப் பிரிவினர்

பொதுமக்களிடையே ஆசனவாய்ப் புற்றுநோய் அரிது. ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் அல்லது இருவருக்கே அது ஏற்படுகிறது. ஆனால் சில பிரிவினரிடம் இந்த அளவு பன்மடங்கு உயர்ந்து காணப்படுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் நோய் காண்போர் எண்ணிக்கை பின்வருமாறு:

- எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்: 85
- எச்.ஐ.வி. தொற்றுள்ள ஏனைய ஆண்கள்: 32
- எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள்: 22
- எச்.ஐ.வி. தொற்றில்லாத, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்: 19
- மாற்று உறுப்பு பெற்றோர்: 13

பெண்ணின் புறப் பிறப்புறுப்பில் எச்.பி.வி. சார்ந்த புற்றுநோயோ புற்றுமுன்நிலையோ ஏற்பட்டவர்களும் உயர் இடர் உடையவர்கள் ஆவர். புகைபிடித்தல் இடரை மேலும் கூட்டுகிறது.

இப்பட்டியலில் இருவகைக் காரணங்கள் அடங்கியுள்ளன. ஒன்று தீநுண்மம் சென்றடையும் வாய்ப்பு. மற்றொன்று எதிர்ப்பாற்றல் குறைவு. ஆசனவாய்வழி உறவு தொற்றுக்கு ஒரு வழியே தவிர, ஒரே வழி அன்று. அத்தகைய உறவு கொள்ளாத பெண்களிடமும் ஆண்களிடமும் இத்தொற்று காணப்படுகிறது. ஆகவே இந்நோயைக் கொண்டு ஒருவரின் நடத்தையைக் கணிப்பது மருத்துவ அடிப்படையிலேயே தவறு.

சோதனை முறைகள்

விரல் சோதனை

மருத்துவர் கையுறை அணிந்து, வழுவழுப்புக் களிம்பு தடவிய விரலால் ஆசனவாயின் உட்சுவர் முழுவதையும் தொட்டறியும் சோதனை இது. புற்றுமுன்நிலையை விரலால் உணர இயலாது. ஆனால் சிறு கட்டி, தடிப்பு, புண் ஆகியவற்றை உணரலாம். புற்றுநோயைச் சிறிய அளவிலேயே பிடிக்க இது உதவும். கருவியோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. ஓரிரு நிமிடங்களே ஆகும். எனவே வேறு வசதிகள் இல்லாத இடங்களிலும் இதனைச் செய்யலாம்.

செல் சோதனை

நீரில் நனைத்த, செயற்கை இழையாலான பஞ்சுக்குச்சியை ஆசனவாயினுள் செலுத்தி, சுவரோடு அழுத்திச் சுழற்றியவாறு மெல்ல வெளியே எடுப்பர். அதில் ஒட்டிய செல்கள் நுண்ணோக்கியில் ஆராயப்படும். கருப்பை வாய்க்குச் செய்யப்படும் பாப் சோதனையின் மறுவடிவம் இது. இயல்பு மாறிய செல்கள் தென்பட்டால் அடுத்த கட்டச் சோதனை தேவைப்படும். எனினும், புற்றுமுன்நிலை உள்ள சிலரை இச்சோதனை தவறவிடக்கூடும்.

எச்.பி.வி. சோதனை

அதே முறையில் எடுத்த மாதிரியில் தீநுண்மத்தின் மரபுப்பொருளைத் தேடுவது இச்சோதனை. தொற்று இல்லை என்று முடிவு வந்தால் அது பெரிதும் நம்பத்தக்கது. தொற்று உண்டு என்னும் முடிவு மட்டும் போதாது. ஏனெனில் உயர் இடர்ப் பிரிவினரில் மிகப் பலருக்குத் தொற்று இருக்கும். எனவே எச்.பி.வி. 16 உள்ளதா என்று தனியாகப் பிரித்தறிவது பயனுடையது.

உருப்பெருக்கி நோக்கல்

மேற்கண்ட சோதனைகளில் ஐயம் எழுந்தால் செய்யப்படும் உறுதிப்படுத்தும் சோதனை இதுவாகும். ஆசனவாயினுள் சிறு குழாய் ஒன்றைச் செலுத்தி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் வைப்பர். பின்னர் கருப்பை வாயை நோக்கப் பயன்படும் உருப்பெருக்கிக் கருவியால் நோக்குவர். மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். அதில் இரத்த நாளங்களின் அமைப்பும் வேறுபட்டிருக்கும். தேவையாயின் அயோடின் கரைசலும் பூசப்படும். ஐயத்துக்குரிய இடத்தில் அரிசியளவு திசு எடுக்கப்பட்டு நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பப்படும். இம்முறையில் தேர்ச்சி பெற நீண்ட பயிற்சி வேண்டும். உலகெங்கும் இத்தகைய பயிற்சி பெற்றோர் குறைவாக இருப்பதே முன்கண்டறிதல் பரவாமைக்குப் பெருந்தடை.

புற்றுமுன்நிலைக்கான சிகிச்சை

மாற்றமடைந்த பகுதியை மின்சூட்டாலோ அகச்சிவப்புக் கதிராலோ தீய்த்து நீக்குவது பெருவழக்கு. மயக்க ஊசி இன்றி, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து இதனைச் செய்யலாம். இமிகுவிமோடு, 5-புளோரோயுராசில் ஆகிய களிம்புகளும், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலமும் பயன்படுகின்றன. சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு வலியும் சிறு குருதிக்கசிவும் இருக்கலாம். மாற்றம் மீண்டும் தோன்றுவது வழக்கம் ஆதலால் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது.

புற்றுநோயாகவே முற்றிவிட்டால் கதிர்வீச்சும் மருந்தும் இணைந்த சிகிச்சை அளிக்கப்படும். முற்காலத்தில் ஆசனவாயை முழுதும் அகற்றி, வயிற்றில் மலத்துளை அமைக்கும் அறுவையே வழியாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் நார்மன் நைக்ரோ 1974 இல் வெளியிட்ட கூட்டுச் சிகிச்சை முறையால் பலர் அவ்வறுவையின்றியே குணமடைகின்றனர். நோய் சிறிதாக இருக்கும்போது பலன் மிகுதி.

ஆங்கர் ஆய்வு

புற்றுமுன்நிலையை நீக்கினால் புற்றுநோய் உண்மையிலேயே குறையுமா என்னும் வினாவுக்கு நெடுங்காலம் உறுதியான விடை இல்லாதிருந்தது. கருப்பை வாயில் கண்ட பயன் ஆசனவாயிலும் கிட்டும் என்பது ஊகமாகவே இருந்தது. இதற்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2014 இல் ஆங்கர் என்னும் ஆய்வு தொடங்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (சான் பிரான்சிசுகோ) யோயல் பாலெவ்சுகி இதற்குத் தலைமை தாங்கினார்.

எச்.ஐ.வி. தொற்றுள்ள, 35 வயதும் அதற்கு மேலும் ஆன 10,723 பேர் சோதிக்கப்பட்டனர். ஆண்களில் 52.2 விழுக்காட்டினரிடமும், பெண்களில் 45.9 விழுக்காட்டினரிடமும், திருநர்களில் 62.5 விழுக்காட்டினரிடமும் உயர்நிலை மாற்றம் காணப்பட்டது. அவர்களுள் 4,459 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உடனடிச் சிகிச்சையும், மற்றக் குழுவினருக்குச் சிகிச்சையற்ற தீவிரக் கண்காணிப்பும் அளிக்கப்பட்டன. சிகிச்சை பெற்ற குழுவில் 9 பேருக்கும், கண்காணிக்கப்பட்ட குழுவில் 21 பேருக்கும் புற்றுநோய் ஏற்பட்டது. அதாவது சிகிச்சையால் நோய் வீதம் 57 விழுக்காடு குறைந்தது. பயன் தெளிவானதால் 2021 இல் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, அனைவருக்கும் சிகிச்சை அளிக்க முடிவு செய்யப்பட்டது. முடிவுகள் 2022 சூன் மாதம் வெளியாயின.

பன்னாட்டுப் பரிந்துரைகள்

பன்னாட்டு ஆசனவாய்ப் புற்றுமுன்நிலைக் கழகம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சோதனையைத் தொடங்க வேண்டிய காலம் பின்வருமாறு:

- எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும்: 35 வயது
- எச்.ஐ.வி. தொற்றுள்ள ஏனைய ஆண்களும் பெண்களும்: 45 வயது
- எச்.ஐ.வி. தொற்றில்லாத, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும்: 45 வயது
- புறப் பிறப்புறுப்பில் புற்றுநோயோ உயர்நிலை மாற்றமோ கண்ட பெண்கள்: அது கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள்
- மாற்று உறுப்பு பெற்றோர்: உறுப்பு பொருத்தி 10 ஆண்டுகளுக்குப் பின்

கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்கள் முதலிய சில பிரிவினர், 45 வயதுக்குப் பின் மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கலாம் என்றும் அவ்வழிகாட்டுதல் கூறுகிறது. உருப்பெருக்கி நோக்கல் வசதி இல்லாத இடங்களில், நோய்க்குறிகளைக் கேட்டறிதலும் விரல் சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமன் வழிநடத்திய ஆய்வில் அது வெளிப்பட்டது. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாக வழங்கத் தொடங்கியது, தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. இச்சிகிச்சையால் தொற்றாளர்கள் நீண்ட காலம் நலமாக வாழ்கின்றனர். காசநோய் முதலியவற்றால் இளவயதில் இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதை எட்டுகின்றனர். மெதுவாக முற்றும் ஆசனவாய்ப் புற்றுநோய் இந்த வயதில்தான் தலைகாட்டுகிறது. எனவே சிகிச்சையின் வெற்றியே இச்சோதனையின் தேவையைத் தோற்றுவித்துள்ளது எனலாம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மும்பையிலும், ஆண்களோடு உறவு கொள்ளும், எச்.ஐ.வி. தொற்றுள்ள 300 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2016 இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரின் ஆசனவாயில் எச்.பி.வி. காணப்பட்டது, எச்.பி.வி. 35 வகையே முதன்மையாக இருந்தது. இம்முடிவு இரு செய்திகளைத் தருகிறது. மேலைநாடுகளில் கண்ட இடர் இங்கும் உண்டு என்பது ஒன்று. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரிடம் தொற்று இருக்கும்போது, தொற்றைத் தேடும் சோதனை மட்டும் யாருக்கு மேற்சோதனை வேண்டும் என்று பிரித்துக் காட்டாது என்பது மற்றொன்று.

அம்பிளிக்கை முன்மாதிரி

எளிய சோதனையாலும் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையான ஊர்ப்புறப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் நோக்கினர். மாற்றம் கண்ட பெண்களுக்கு உறைநிலைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. சோதனைக்கு ஒதுக்கப்பட்ட பிரிவில் 49,311 பெண்களும், ஒப்பீட்டுப் பிரிவில் 30,958 பெண்களும் இருந்தனர். 2007 இல் வெளியான முடிவின்படி, சோதனைப் பிரிவில் நோய் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இம்முறையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கியது.

வெறுங்கண்ணால் நோக்கும் இம்முறையை ஆசனவாய்க்கு அப்படியே பயன்படுத்த இயலாது. ஆசனவாயின் உட்போர்வை மடிப்புகள் நிறைந்தது. உருப்பெருக்கி இன்றி மாற்றங்கள் தெரிவதில்லை. ஆனால் செவிலியர் பயிற்சி, ஊர்தோறும் அழைப்பு, கண்டறிந்தோரை விடாது தொடர்தல் ஆகிய ஏற்பாடுகளை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

வறள்நிலச் சிற்றூர்களின் நிலை

பெருநகரங்களுக்கு வெளியே இச்சோதனை எவ்வாறு அமையக்கூடும் என்பதற்கு விருதுநகர் மாவட்டம் பந்தல்குடியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அருப்புக்கோட்டை வட்டத்தில் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் இது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் மானாவாரி வேளாண்மையை நம்பிய வறள் நிலங்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் வெளியூர் வேலைக்குச் செல்வது இங்கு இயல்பு. நீண்ட தொலைவு செல்லும் சரக்குந்து ஓட்டுநர்களும், பிழைப்புக்காக இடம்பெயரும் தொழிலாளர்களும் தேசிய எயிட்சுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தனிக் கவனம் பெறும் பிரிவினர் ஆவர். அவர்களிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியரும் ஏ.ஆர்.டி. மையங்களில் சிகிச்சை பெறுகின்றனர்.

இத்தகைய ஊரில் வாழும் தொற்றாளர் ஒருவர் மருந்து பெறுவதற்காக ஏ.ஆர்.டி. மையத்துக்கு எப்படியும் சென்று வருகிறார். அப்பயணத்தின்போதே ஆண்டுக்கு ஒரு முறை விரல் சோதனை செய்தால் தனிப் பயணமோ கூலி இழப்போ நேராது. ஐயத்துக்குரியவரை 2022 சனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அனுப்பித் திசுச் சோதனை செய்யலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு, 25 வயது முதல் கருப்பை வாய்ச் சோதனையை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அவ்வேளையிலேயே உரிய வயதினருக்கு ஆசனவாய்ச் சோதனையையும் சேர்த்துச் செய்ய இயலும்.

மூலம் என்று கருதிக் காலம் கடத்துதல்

மலம் கழிக்கையில் குருதி, ஆசனவாயில் வலி, அரிப்பு, ஆறாத புண், சிறு கட்டி, சீழ்க்கசிவு ஆகியன ஆசனவாய்ப் புற்றுநோயின் குறிகள் ஆகும். மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் இவற்றுள் பல பொதுவானவை. எனவே பலரும் மூலச்சூடு என்று எண்ணி உணவை மாற்றியும், களிம்பு தடவியும் காலம் கடத்துவர். பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம் அறுவையின்றிக் குணமாகும்" என்னும் விளம்பரங்களை எங்கும் காணலாம். முறையான தகுதியற்றோரிடம் சென்று, காரமருந்து வைத்தும் நூல் கட்டியும் கொள்வதால், திசுச் சோதனை செய்யப்படாமலே மாதங்கள் கழிகின்றன.

குருதி வருவோரில் பெரும்பாலோருக்கு மூலம் போன்ற தீங்கற்ற காரணமே இருக்கும். ஆயினும் உயர் இடர்ப் பிரிவினர் விரல் சோதனை செய்துகொள்ளாமல் மூலம் என்று முடிவுகட்டுவது கூடாது. சில வாரச் சிகிச்சைக்குப் பின்னும் ஆறாத புண்ணோ கட்டியோ எவருக்கு இருப்பினும் திசுச் சோதனை தேவை.

தடுப்பூசி

எச்.பி.வி. தடுப்பூசி 2006 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆசனவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கும் அங்கு 2010 இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இந்தியச் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவாக் என்னும் தடுப்பூசி 2022 இல் இந்திய அரசின் ஒப்புதலைப் பெற்றது. தமிழ்நாடு அரசு தன் 2025–26 வரவு செலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக வழங்க நிதி ஒதுக்கியது.

தீநுண்மத்தை எதிர்கொள்ளும் முன், 9 முதல் 14 வயதுக்குள் போடும்போது பலன் மிகுதி. ஏற்கெனவே உள்ள தொற்றையோ புற்றுமுன்நிலையையோ தடுப்பூசி குணப்படுத்தாது. ஆகவே இன்று நடுவயதில் உள்ள உயர் இடர்ப் பிரிவினருக்கு முன்கண்டறிதலே முதன்மையான வழி.

வரம்புகள்

எச்.ஐ.வி. தொற்றாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உயர்நிலை மாற்றம் காணப்படுகிறது. அவர்களில் சிலருக்கே புற்றுநோய் ஏற்படும். யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே அறியும் வழி இன்னும் இல்லை. எனவே பலர் தமக்குத் தேவைப்படாத சிகிச்சையின் வலியையும் செலவையும் ஏற்க நேரிடும். உறுதிப்படுத்தும் சோதனையும் சிகிச்சையும் கிடைக்காத இடத்தில் செல் சோதனையை மட்டும் நடத்துவது, அச்சத்தை உண்டாக்கி வழியின்றி விடுவதாகும். பன்னாட்டு வழிகாட்டுதல்களும் இதனால்தான், மேற்சிகிச்சை வசதி உள்ள இடங்களுக்கே செல் சோதனையைப் பரிந்துரைக்கின்றன. அத்துடன், ஆங்கர் ஆய்வு எச்.ஐ.வி. தொற்றாளர்களிடம் மட்டுமே நடத்தப்பட்டது. ஏனைய பிரிவினருக்கான பரிந்துரைகள் அவர்களின் நோய் வீதத்தை அடிப்படையாகக் கொண்டவை.

சட்டமும் மறைகாப்பும்

நாணமும் பழிச்சொல்லுக்கு அஞ்சுவதும் இச்சோதனைக்குப் பெருந்தடைகள். தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கைகள் நலவாரியம் அமைக்கப்பட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் தனிமையில் இசைந்து கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. அதே மாதம் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எயிட்சுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, தொற்றாளருக்குச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. அவருடைய நிலையை இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. எனவே மருத்துவரிடம் உண்மையைக் கூறிச் சோதனை கோருவது நோயாளியின் உரிமை ஆகும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. சோதனையும் அறிவுரையும் நம்பிக்கை மையங்களிலும், பால்வினை நோய்ச் சிகிச்சை சுகவாழ்வு மையங்களிலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தேசிய எயிட்சு உதவி எண் 1097 ஆகும்.

இவற்றையும் பார்க்க

- மனிதப் பாப்பிலோமா தீநுண்மம்
- கருப்பை வாய்ப் புற்றுநோய்
- எயிட்சு
- மூல நோய்
- பந்தல்குடி